ஈழ வரைபடத்தில் மலையகம்: ஈரோஸ் எழுப்பிய கேள்வி

ஈழ இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் ஈரோஸை இரண்டு பத்திகளில் கடந்துவிடுகிறார்கள். 1975இல் லண்டனில் தொடக்கம், பாலஸ்தீனத் தொடர்பு, 1990இல் கலைப்பு; அவ்வளவுதான். ஆள்பலத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் ஈழம் யாருக்கு என்று உழைப்பவர் பக்கம் நின்று முதலில் கேட்ட இயக்கம் அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஈரோஸைத் தொடங்கிய இளையதம்பி இரத்தினசபாபதியும் தோழர்களும் மார்க்சியர்கள். இருந்தும் அவர்கள் ஏன் தனி அமைப்பு கண்டார்கள்? இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1944இலேயே தமிழரின் சுயநிர்ணய உரிமையை ஏற்றிருந்தது. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தார்கள். பிறகு சறுக்கல். 1964 ஜூனில் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தது. அக்டோபரில் அதே அரசு இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்த 1972 அரசியலமைப்பை உருவாக்கியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அடுத்த மூன்றாண்டில் ஈரோஸ் பிறந்தது தற்செயல் அன்று.

அந்த 1948 சட்டம் கேட்டது என்ன? அப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையில் பிறந்து, விடிகாலை ஆள்கணக்கான பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையை இறக்காமலே முதுகு வளைந்தவரிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்?

1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டபோது, மலையகத்தின் சிக்கலை அது தீர்க்காது என்று மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் விலகி நின்றார். ஈரோஸோ மலையக மக்களும் ஈழத் தேசிய இனமே என்றது. இதேபோல ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1960களின் இறுதியில் தோன்றிய பிசான் என்ற சிறு பொதுவுடைமைக் கட்சியும் பார்சிலோனாவோடு நிற்காமல் வலென்சியா, பலேரிக் தீவுகள் வரை தன் நாட்டை விரித்தது. அங்கே பிணைத்தது மொழி. இங்கே மொழி ஒன்றாக இருந்தும் யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் இடையே சாதியும் வர்க்கமும் நின்றன. அந்தச் சுவரைத்தான் ஈரோஸ் தொட்டது.

குறையும் உண்டு. சிங்கள ஊர்கள் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை ஆயுதப் போரில் எப்படிக் காப்பது என்பதற்கு அதனிடம் நம்பத்தக்க விடை இல்லை. 1989 தேர்தலில் சுயேச்சைக் குழுவாக நின்று 13 இடங்கள் பெற்றபோதும் அது வென்ற மாவட்டங்கள் வடக்கிலும் கிழக்கிலும்தான் இருந்தன. மறு ஆண்டே அதன் தலைவர் பாலகுமாரன் அமைப்பைக் கலைத்துப் புலிகளோடு இணைந்தார்.

ஆனால் 1985 ஜூலையில் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் ஈரோஸும் சேர்ந்து முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்றது. இலங்கை நாடாளுமன்றம் 2003இல் அதற்குச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினர் பலரோ இந்தியக் குடியுரிமைக்கு இன்னும் மனுப்போட்டுக் காத்திருக்கிறார்கள்.