இடவல விலகலும் தாள்திரையும்: பெஞ்சமின் ராபின்ஸ் வகுத்த ஆய்வுமுறை

நெடுந்தொலைவு ரைஃபிள் சுடுதலில் குண்டுகள் இலக்கின் இடமும் வலமுமாகச் சீரின்றிச் சிதறுமாயின், அதன் காரணத்தை இலக்குப்பலகையிலுள்ள துளைகளை மட்டும் கொண்டு அறிய இயலாது. காற்று, குண்டின் சுழற்சி, துப்பாக்கியின் சாய்வு, சுடுபவரின் விரலசைவு ஆகிய அனைத்தும் பலகையில் ஒரே வகைத் தடத்தையே விடுகின்றன. இவற்றைப் பிரித்தறியும் முறை ரைஃபிள் போட்டிகளுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, பெஞ்சமின் ராபின்ஸின் சோதனைகளில் உருவாகிவிட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1742-இல் பீரங்கியியல் பற்றிய தம் நூலை வெளியிட்ட ராபின்ஸ், குண்டின் வழியில் மெல்லிய தாள்திரைகளை அடுத்தடுத்து நிறுத்தி அவற்றினூடே சுட்டார். பிழை குறிபார்த்தலிலோ குழலிலோ மட்டும் இருப்பின், தொலைவு இருமடங்காகும்போது விலகலும் இருமடங்காக வேண்டும். திரைகளில் விழுந்த துளைகளோ அதனினும் விரைந்து விலகிச் சென்றன. எனவே, குழலைவிட்டு நீங்கிய பின்னரும் ஏதோவொன்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது தெளிவாயிற்று. அது சுழற்சியால் விளைவது என்றார் ராபின்ஸ்.

லியோனார்டு ஆய்லர் இதனை ஏற்கவில்லை. ராபின்ஸின் நூலை 1745-இல் செருமானிய மொழியில் விரிவான உரையுடன் வெளியிட்ட அவர், குண்டின் வடிவக் குறையே விலகலுக்குக் காரணம் எனக் கருதினார். ராபின்ஸ் செய்த வளைகுழல் சோதனையை இம்மறுப்புக்கு உரிய விடையாகவே கொள்ளலாம். குழலின் வாய்ப்பகுதியை அவர் இடப்புறமாக வளைத்தார். குண்டு முதலில் இடப்புறமே சென்றது. ஆயின், குழலின் வலச்சுவரில் உராய்ந்து பெற்ற சுழற்சியால் பின்னர் வலப்புறம் திரும்பியது. வடிவக் குறை எப்பக்கமும் இழுக்கக்கூடும். கோட்பாடு குறித்த பக்கத்திற்கே குண்டு திரும்பியதை அதனால் விளக்க முடியாது. எனினும் இவ்விளைவு இன்று வழங்குவது, 1850-களில் இதனை ஆய்ந்த மாக்னஸின் பெயரால்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்த ராபின்ஸ், 1751-இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார் என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

ரைஃபிளின் சுருள்பள்ளங்கள் சுழற்சியைப் பறக்கும் திசையோடு ஒன்றச் செய்து, ஒழுங்கற்ற திருப்பத்தை நீக்கின. எஞ்சிய சுழல்நகர்வு எப்போதும் ஒரே பக்கத்திற்கு உரியது. அதனைக் குறிகாட்டியில் திருத்திக்கொள்ளலாம். ஆகவே சீரின்மையின் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று. ஜோசப் விட்வொர்த் 1850-களில் மான்செஸ்டரின் ரஷோமில் 500 கஜ நீளமுள்ள மூடிய கூடத்தை எழுப்பிக் காற்றைத் தவிர்த்தார். அங்கும் குண்டின் வழியைக் காட்டியவை தாள்திரைகளே.

திறந்தவெளியில் இவ்வசதி இல்லை. குறுக்குக்காற்றால் நேரும் விலகலைப் பறத்தல் நேரம் முழுவதும் தீர்மானிப்பதில்லை. காற்றுத்தடையால் கூடுதலாகும் நேரமே தீர்மானிக்கிறது. இதனால், காற்று மாறாதபோதும், விரைவு குறைந்த குண்டு வேறிடத்தில் விழக்கூடும். சாய்வின் விளைவோ ஏற்றக்கோணத்தைப் பொறுத்தது. ஏற்றக்கோணம் 2.5 பாகை எனின், 1,000 கஜத்தில் 1 பாகைச் சாய்வு குண்டை ஏறத்தாழ 27 அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தும். 1870-களின் கிரீட்மூர் வகை ரைஃபிள்களின் முன்குறியில் நீர்மட்டக்குழாய் பொருத்தப்பட்டது இதன்பொருட்டே.

சுடுபவரையும் விலக்கிப் பார்த்தவர் அமெரிக்க மருத்துவர் பிராங்கிளின் மான். குழலைக் கனத்த கான்கிரீட் மேடையில் பொருத்தி, குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டு, அவற்றின் போக்கைத் தாள்திரைகளில் பதிவுசெய்தார். 1909-இல் வெளியான அவரது நூல், குண்டின் அடிப்பகுதியில் நேரும் சிறு சேதமும் எடைச் சமனின்மையும் சிதறலுக்குக் காரணமாவதைக் காட்டியது. ஆய்லர் குறிப்பிட்ட குண்டின் குறை, வேறொரு வடிவில், இவ்வாறு மீண்டும் கணக்கில் சேர்ந்தது.