கையொப்பமும் மனச்சாட்சியும்
(ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களில் நிலவிய சமயச் சோதனைகள் பற்றிய ஒரு நோக்கு)

சமய நிறுவனமொன்றைச் சார்ந்து இயங்கும் பல்கலைக்கழகத்தில், மாணவரின் ஒழுக்கத்தைப் பேணும் கடமையும் அவர்தம் சிந்தனைச் சுதந்திரமும் எங்ஙனம் இயைபுறும் என்பது பழமையானதொரு வினாவாகும். இங்கிலாந்தின் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடையைத் தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இவ்விரண்டும் ஆங்கிலத் திருச்சபையின் கல்விக்கூடங்களாகவே விளங்கின.

ஒக்ஸ்போட்டிற் சேரும் மாணவர் திருச்சபையின் 39 கோட்பாட்டு விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டுமென 1581ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. கேம்பிறிட்ஜில் பட்டம் பெறும் வேளையிலேயே இச்சோதனை எதிர்ப்பட்டது. எனவே கத்தோலிக்கர், யூதர், திருச்சபையினின்று பிரிந்த புரட்டஸ்தாந்தர் ஆகியோர் முன்னையதிற் கற்கவியலாதவராயினர். பின்னையதிற் கற்றும் பட்டம் பெறவியலாதவராயினர். இவ்விதிக்கு நியாயம் கூறப்படாமலில்லை. சமய நம்பிக்கையே ஒழுக்கத்தின் அடித்தளம் என்றும், பெற்றோரைப் பிரிந்து வாழும் இளைஞரை ஒரே வழிபாடு ஒருங்கிணைக்கும் என்றும் அதன் ஆதரவாளர் வாதிட்டனர். குருமாரைப் பயிற்றுவிப்பது அக்கல்லூரிகளின் தலையாய பணிகளுள் ஒன்றாயிருந்தமையும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயின் விதியின் விளைவு அதன் நோக்கத்துக்கு மாறாக அமைந்தது. நாத்திகத்தின் அவசியம் பற்றிய சிறு பிரசுரமொன்றின் காரணமாக, 18 வயதினரான கவிஞர் ஷெல்லியும் அவர்தம் நண்பர் ஹொக்கும் 1811ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒக்ஸ்போட்டிலிருந்து நீக்கப்பட்டனர். வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தமையும், பிரசுரத்தைத் தமதன்றென மறுத்துரைக்காமையுமே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். ஒரு பொய் அவர்களைக் காத்திருக்கக்கூடும். 1837இல் கேம்பிறிட்ஜின் கணிதத் தேர்விலே இரண்டாமிடம் பெற்ற சில்வெஸ்ரர், யூதராதலின் பட்டம் பெற்றிலர். டப்ளின் திரினிற்றிக் கல்லூரி 1841இல் அவருக்குப் பட்டமளித்தது. கேம்பிறிட்ஜ் அதனை வழங்கியதோ 1872இலேயாம்.

1854, 1856ஆம் ஆண்டுச் சட்டங்கள் இளமாணிப் பட்டத்துக்கான தடையை நீக்கின. எனினும் கல்லூரிகளின் உறுப்பினர் பதவிகள் திருச்சபையினருக்கே உரியனவாயிருந்தன. இந்நிலையிலேயே ஹென்றி சிட்ஜ்விக்கின் செயல் முக்கியத்துவம் பெறுகின்றது. கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினரான அவர், தாம் கையொப்பமிட்ட கோட்பாடுகளைத் தம்மால் இனியும் உண்மையாக நம்பவியலாதென உணர்ந்து 1869இற் பதவியைத் துறந்தார். மௌனமாயிருந்திருப்பின் எவரும் அவரை வினாவியிருக்கமாட்டார். அறவியலைக் கற்பித்த ஒருவர், ஒழுக்கத்தைக் காக்கவென எழுந்த விதியின்கீழ் நேர்மையாக இருக்கவியலாது வெளியேற நேர்ந்தது. அவரது நேர்மையை மதித்த கல்லூரி அவரை விரிவுரையாளராகத் தொடரச் செய்தது. 1885இல் மீண்டும் உறுப்பினராக்கியது.

கிளாட்ஸ்ரன் அரசாங்கத்தின் காலத்தில் நிறைவேறிய 1871ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சோதனைகள் சட்டம், இறையியற் பட்டங்கள் முதலிய சில ஒழிந்த ஏனையவற்றுக்குச் சமயச் சோதனையை அகற்றியது. இதனாற் கல்லூரிகளின் ஒழுங்கு சிதைந்துவிடவில்லை. சிற்றாலய வழிபாடு தொடர்ந்தது. மாணவரின் நடத்தையைக் கண்காணித்த அதிகாரிகளும் தம் கடமையைத் தொடர்ந்தனர். எனினும் சுதந்திரம் முழுமை பெற்றதெனக் கூறுதல் பொருந்தாது. பெண்கள் ஒக்ஸ்போட்டிலே பட்டம் பெற 1920 வரையும், கேம்பிறிட்ஜிலே 1948 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாறு ஒழுக்க விதிகள் வேண்டாவென உணர்த்துவதன்று. பரீட்சையில் வஞ்சித்தலையும் பிறர்க்குத் தீங்கிழைத்தலையும் தடுப்பதற்கு எந்தக் கல்விக்கூடத்துக்கும் உரிமையுண்டு. நடத்தையை விதியால் நெறிப்படுத்தலாம். நம்பிக்கையை அங்ஙனம் உண்டாக்குதல் இயலாது. நம்பாததை நம்புவதாகக் கையொப்பமிடுமாறு கேட்கும் நிறுவனம், உண்மையுரைப்போரை இழந்து, உரைக்கத் துணியாதோரைத் தன்னகத்தே வைத்துக்கொள்கின்றது. மாணவரிடம் வாய்மையை எதிர்பார்க்கும் பல்கலைக்கழகம், முதலில் வாய்மைக்குத் தண்டனை விதியாதிருத்தல் வேண்டும்.