தையலுக்குப் பிந்திவந்த பார்வை: பிரசவக் கிழிசல் மதிப்பீட்டின் வரலாறு

குழந்தை வெளிவரும்போது பெண்ணுறுப்பின் வாயிலும், அதற்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள பெரினியப் பகுதியும் கிழிவது மகப்பேறு மருத்துவத்தின் மிகப் பழைய திறந்த காயம். அதைத் தைக்கும் கலை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. தைப்பதற்கு முன் கிழிசல் எந்தத் தசைவரை போயிருக்கிறது என்று முறையாகப் பார்க்கும் வழக்கமோ சுமார் முப்பது ஆண்டுகளில்தான் வேரூன்றியது.

12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோ நகரில் உருவாகி, துரோத்தா என்ற பெண் மருத்துவரின் பெயரோடு வழங்கிவந்த நூல்தொகுதி, கிழிசலைப் பட்டுநூலால் மூன்று நான்கு இடங்களில் தைக்கச் சொல்கிறது. பிறகு எட்டு ஒன்பது நாள் படுக்கை. இருமலைத் தூண்டும் எதுவும் கூடாது. இருமினால் தையலில் அழுத்தம் ஏறும் என்பதைக் கண்ணால் கண்டவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

காயத்தின் உள்ளே பார்க்கும் நவீனக் கருவி வந்த கதை கசப்பானது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் கரண்டியின் காம்பை வளைத்து யோனிச் சுவரை விலக்கிப் பார்த்தார். நீடித்த பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே விழுந்த துளையை 1849இல் வெள்ளிக் கம்பியால் மூடினார். அவர் பழகியது அடிமைப் பெண்களின் உடல்களில். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் முப்பது அறுவைகள், மயக்கமருந்தே இல்லாமல். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்த சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது.

இதனிடையே இன்னொரு போக்கும் வளர்ந்தது: தானாகக் கிழியும்முன் கத்தரித்துவிடுவது. டப்ளினில் ஃபீல்டிங் ஓல்ட் 1742இல் இதை அரிதான நிலைமைக்கு மட்டுமே சொன்னார். சிகாகோவின் ஜோசப் டிலீ 1920இல் அதை வழக்கமான தடுப்பு முறையாக முன்வைத்தார். நேரான வெட்டு ஒழுங்கற்ற கிழிசலைவிட நன்றாக ஆறும், தசையைக் காக்கும் என்பது வாதம். கேட்க நியாயமாகப் பட்டதால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிரசவம் மருத்துவமனைக்குப் போன இடமெல்லாம் எபிசியோடமி என்ற இந்த வெட்டும் கூடவே போனது, ‘தையல் போட்டாங்களா?’ என்பது நம் ஊர்ப் பிரசவ விசாரிப்பில் ஒரு கேள்வியாகவே ஆகிவிட்டது.

1983இல் ஆய்வாளர்கள் தாக்கரும் பான்டாவும் 1860 முதலான மருத்துவ எழுத்துகளைத் துருவி, அந்த வாதத்துக்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்றனர். பத்தாண்டு கழித்து அர்ஜென்டினாவில் 2,606 பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமாக வெட்டிய பிரிவில் 1.5 சதவீதத்தினருக்கும், தேவைப்பட்டால் மட்டும் வெட்டிய பிரிவில் 1.2 சதவீதத்தினருக்கும் ஆசனவாய்த் தசைவரை போன கடுங்கிழிசல் ஏற்பட்டது. வெட்டு எதையும் காக்கவில்லை. வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும் சொல்கிறது.

உண்மையான திருப்பம் 1993இல் லண்டனில் நேர்ந்தது. அப்துல் சுல்தானும் உடன் பணியாற்றியவர்களும் ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் செய்து பார்த்தபோது, முதல் பிரசவம் முடிந்த பெண்களில் 35 சதவீதத்தினருக்கு, மலத்தை அடக்கும் சுருக்குத்தசையில் குறை தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாத காயம் என்று அப்போது பேசப்பட்டது. 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு அந்தச் சமாதானத்தையும் கலைத்தது. பிரசவம் பார்த்தவர் சோதித்த பெண்களைப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனே மறுபடி சோதித்தபோது, கண்டறியப்பட்ட சுருக்குத்தசைக் கிழிசல் இரண்டு மடங்குக்கு மேலானது. அல்ட்ராசவுண்டால் கூடுதலாகத் தெரிந்தவை மூன்றே மூன்று. காயம் மறைந்திருக்கவில்லை, பார்த்தவருக்குப் பார்க்கக் கற்றுத்தரப்படவில்லை.

சுல்தான் 1999இல் வகுத்த படிநிலை இன்று பரவலாகப் புழங்குகிறது. தோலோடு நிற்பது முதல் நிலை, பெரினியத் தசை கிழிந்தால் இரண்டாவது, சுருக்குத்தசை சேதமானால் மூன்றாவது, மலக்குடலின் உட்படலமும் கிழிந்தால் நான்காவது. மூன்றாம் நிலைக்குள்ளும் வெளித்தசையில் பாதிக்குக் கீழா மேலா, உள்தசையும் போயிற்றா என்று மூன்று பிரிவுகள் உண்டு. இதை அறிய நல்ல வெளிச்சமும், வலிநிவாரணமும், பெண்ணின் சம்மதத்தோடு மலக்குடலுக்குள் விரல் விட்டுப் பார்ப்பதும் போதும். தைத்தபின் மறுபடியும் பார்க்க வேண்டும். உள்ளே தவறி ஏறிய தையல் அப்போதுதான் தெரியும்.

தையலும் மாறியது. 2002இல் கிறிஸ்டின் கெட்டில் குழுவினர், விட்டுவிட்டுப் போடும் தையலில் பத்தாம் நாள் 44 சதவீதத்தினருக்கு இருந்த வலி, தொடர்தையலில் 26.5 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டினர். இன்று கடுங்கிழிசலுக்கு ஆன்டிபயாடிக், மலமிளக்கி, இடுப்புத்தளப் பயிற்சி, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுசோதனை என்பவை பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் உள்ளன. இவற்றில் எளிதாகத் தவறிப்போவது கடைசியானது. மலமோ வாயுவோ அடக்க முடியவில்லை என்று எந்தப் பெண்ணும் தானாக வந்து சொல்லத் தயங்குவாள். நம் நாட்டில் ஆறாம் வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாயிடம் அடக்க முடிகிறதா என்ற கேள்வியை அங்கேயே கேட்டுவிடலாம்.