ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: கணினித் தமிழின் ஒரு குறுவரலாறு

தமிழை றோமன் எழுத்தில் எழுதும் இன்றைய பிள்ளைகளைக் கண்டு மனம் நோகும் பெரியவர்களுக்கு ஓர் ஆறுதற் செய்தி உண்டு. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூலும் அவ்வாறே அச்சேறியது. 1554ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் ஒரு சிறு கிறிஸ்தவ சமய நூல் வெளிவந்தது. மொழி தமிழ், எழுத்து றோமன். லிஸ்பன் அச்சகத்தில் தமிழ் எழுத்து வார்ப்பு இல்லை என்பதைத் தவிர வேறு மர்மம் எதுவும் அதில் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சாட்டும் இல்லை. கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை இருந்தும் அவர்கள் லிஸ்பன் நகரத்து மரபையே பேணுகின்றனர்.

தமிழ் எழுத்திலேயே ஒரு நூல் அச்சாவதற்கு மேலும் 24 ஆண்டுகள் எடுத்தன. 1578 ஒக்ரோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கங்கள் கொண்டது. அதன் பக்கங்களை இன்று படமாகப் பார்க்கும் எவரும் சற்றுத் தட்டுத்தடுமாறியேனும் வாசித்துவிடலாம். மெய்யெழுத்தின் மேற் புள்ளி இராது. நெடிலும் குறிலும் மயங்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி குறைவு. ஆனாலும் ‘அ’ என்பது ‘அ’வாகவே நிற்கும். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் அதன்மீது கடந்து போயிருக்கிறது. எழுத்து பிடிவாதமாக எழுத்தாகவே இருக்கிறது.

இனி 1998ஆம் ஆண்டில் ஏதேனும் ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்துக் கணினியில் எழுதப்பட்ட ஒரு கோப்பை இன்று திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். 1578ஐ வாசிக்கலாம்; 1998ஐ வாசிக்க இயலாது. இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது என்பதுதான் இக்கட்டுரை.

கதை தட்டச்சுப் பொறியிலிருந்து தொடங்குகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிற் பணிபுரிந்த ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி தந்தவர் எனப் போற்றப்படுபவர். அவர் முன்னிருந்த சிக்கல் எளிதன்று. எழுத்துகள் 247; விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. உயிர்மெய்யை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, கொம்பு, கால், விசிறி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனி விசை கொடுத்து, அழுத்தினாலும் நகராத விசை ஒன்றையும் வைத்து அவர் அதனைத் தீர்த்தார். எங்கள் ஊர்த் தட்டச்சு வகுப்புகளில் ‘யளனகப’ என்று ஓயாமல் ஒலித்த மந்திரம் அந்த மரபில் வந்ததே.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் கணினி பத்திரிகை அலுவலகத்துக்குள் வந்தபோது அதே விரற்பழக்கம் அதனுடன் சேர்ந்து வந்தது. ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே சரளமாக வாசிக்கப் பழகிய அச்சுக்கோப்பாளர்கள் ஒரு தலைமுறையாக ஓய்வுபெற்றனர். அவர்களின் இடத்தில் ‘பாமினி’ என்றோர் எழுத்துரு அமர்ந்தது. இலங்கைப் பத்திரிகையாளரிடம் பாமினி யார் என்று கேட்டால் எவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்லமாட்டார்.

பாமினியும் அதன் உறவினரும் செய்த தந்திரம் இதுதான். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஆகவே ஆங்கில ‘ஜே’ எழுத்தின் இடத்தில் ‘த’வின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள், ‘கே’யின் இடத்தில் ‘ம’. விசையை அழுத்தினால் திரையில் ‘த’ தெரியும். கணினியின் நினைவிலோ ‘ஜே’ என்றே பதியும். அதாவது நாம் எழுதியது தமிழன்று; வேட்டி கட்டிய ஆங்கிலம். எழுத்துருவை நீக்கினால் வேட்டி அவிழ்ந்துவிடும்.

இந்த வேடத்தால் விளைந்த வேடிக்கைகள் பல. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆவணச் செயலிகள் நமது கட்டுரைகளைப் பிழை மலிந்த ஆங்கிலமாகக் கருதி, சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு இழுத்தன. பள்ளிக்கூடத்து ஆசிரியரும் அவ்வளவு சிவப்பு மை செலவிட்டதில்லை. சில செயலிகள் ஒருபடி மேலே சென்று, வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகத் தாமே மாற்றின. பாமினியில் சிறிய ‘ஜே’ ‘த’ என்றால் பெரிய ‘ஜே’ ‘து’. சிறிய ‘கே’ ‘ம’ என்றால் பெரிய ‘கே’ ‘மு’. ஆகவே வசனத்தின் தொடக்கத்தில் வந்த தமிழ் ‘துமிழ்’ ஆயிற்று. மன்னார் ‘முன்னார்’ ஆயிற்று. மக்கள் ‘முக்கள்’ ஆயினர். புறூவ் திருத்துநர்கள் அக்காலத்திற் சிந்திய கண்ணீருக்குக் கணக்கில்லை.

ஒரே ஒரு வேடம் என்றாலும் சமாளித்திருக்கலாம். ஆனால் தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்ற கதையாக, எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டனர். இணையம் வந்தபோது இந்தக் குழப்பம் உலகமயமானது. ஒரு தளத்துக்குப் போனால் வாசலிலேயே ‘எமது எழுத்துருவை இறக்கி நிறுவிவிட்டு உள்ளே வாருங்கள்’ என்ற அறிவித்தல். அடுத்த தளத்துக்கு அடுத்த எழுத்துரு. கோவிலுக்குக் கோவில் கால் கழுவுவதில் அர்த்தமுண்டு; தளத்துக்குத் தளம் எழுத்துரு நிறுவுவது பெரும் தவமாக இருந்தது.

சீர்படுத்த முயன்றவர்கள் இல்லாமலில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிற்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தம் சொந்தப் பொழுதையும் பொருளையும் இதற்குச் செலவிட்டனர். 1997இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடினார்கள். தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டில் ‘டாம்’, ‘டாப்’ என இரண்டு குறியீட்டுத் தரங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் அறிவித்தது. மறுபுறம் ‘திஸ்கி’ என்ற தரம் மின்னஞ்சல் மூலம் விவாதித்த ஆர்வலர்களின் உழைப்பில் உருவாகியது. குழப்பத்தைத் தீர்க்க ஒரு தரம் வேண்டும் என்று கூடியவர்கள், கலையும்போது மூன்று தரங்களுடன் கலைந்தார்கள். தமிழர் கூடிய கூட்டமென்பதற்கு இதைவிட நற்சாட்சி வேண்டியதில்லை.

இத்தனைக்கும் தீர்வு முன்னரே இருந்தது. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்த எண் கொடுக்கும் யுனிகோட், நம்மவர் ஒருங்குறி என அழைப்பது, 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி ‘த’ என்பது எந்த எழுத்துருவிலும் ‘த’தான். ஆங்கிலத்தின் மேல் ஏறி நிற்கவேண்டியதில்லை.

ஆனால் நாம் மகிழவில்லை, கோபித்துக்கொண்டோம். காரணங்களும் இருந்தன. தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அச்சில் தமிழும் வார்க்கப்பட்டது. இலக்கணப்படி ‘க்’ உடன் ‘அ’ சேர்ந்தால் ‘க’. ஒருங்குறியிலோ ‘க’வுடன் புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. தொல்காப்பியர் கண்டால் ஒரு நூற்பாவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் அனுப்பியிருப்பார். ஆய்த எழுத்துக்கு அங்கே விசர்க்கம் என்று பெயர். சிறப்பு ழகரத்தின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயரில் மூன்று ‘எல்’ எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. நாக்கு அதற்கு மேல் மடங்காது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கு விதி. ஆதலால் ழகரம் உலகம் உள்ளவரை மூன்று எல்லுடன் வாழும்.

இந்தக் குறைகளை முன்வைத்து ஆண்டுக்கணக்காக விவாதித்தோம். 2010இல் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, ‘டேஸ் 16’ என்ற இன்னொன்றையும் மாற்றாக அறிவித்தது. ஆனால் அதற்குள் காலம் முடிவு செய்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியைத் தானே காட்டும் திறனுடன், ‘லதா’ எழுத்துருவையும் சுமந்து வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. ‘எ-கலப்பை’ போன்ற இலவச மென்பொருள்கள் எவரும் வீட்டிலிருந்து தமிழில் எழுத வழிசெய்தன. 2008இல் இலங்கை எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தின்மூலம் ஒருங்குறியை ஏற்றது. குறையுள்ள ஒரு பொதுவழி, குறையற்ற ஐம்பது தனிவழிகளைவிட மேல் என்பதை நாம் வாதத்தில் அன்றி வழக்கத்தில் ஒப்புக்கொண்டோம்.

இதுவரை சிரித்தாயிற்று. இனிச் சிரிக்க முடியாத பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு வாசகர் எனக்கு எழுதினார். 1999இல் காலமான தம் தாயாரின் மரண அறிவித்தல் பத்திரிகையில் வெளிவந்ததாம். குடும்பத்தில் அதன் பிரதி இல்லை, இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். பக்கங்கள் பதிந்த வட்டுகள் இருந்தன. பாதி திறக்கவில்லை. திறந்த பாதியில் எழுத்துரு இல்லை. பாமினிதான் என்று எண்ணி மாற்றிப் பார்த்தோம். அந்த அலுவலகத்துக்காக எவரோ சிறிது திருத்திய பாமினி அது. வாக்கியங்கள் ஓரளவு வந்தன, பெயர்கள் வரவில்லை. மரண அறிவித்தலில் பெயர் வராவிட்டால் மீதி என்ன பயன்? ஈற்றில் அலுவலகத்தின் பின்னறையில் தூசு படிந்த கட்டுத் தொகுப்பைப் புரட்டினோம். பத்து நிமிடத்தில் அம்மையார் கிடைத்தார். புகைப்படத்துடன், பிள்ளைகளின் பெயர்களுடன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாயின. மின்சாரமில்லாத நகரில், மங்கிய மையில், கொப்பித் தாளில் அச்சானவை இன்றும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அத்தகைய ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் புலம்பெயர்ந்த நாடுகளில் குளிரூட்டிய அறைகளில், நல்ல கணினிகளில் எழுதப்பட்டு இணையத்தில் மட்டுமே வெளியானவற்றில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? 2009இல் ஜியோசிற்றிஸ் மூடப்பட்டது. அதிலிருந்த தமிழ்த் தளங்களும் போயின. 2019இன் இறுதியில் யாஹூ குழுமங்களின் உள்ளடக்கம் நீக்கப்பட்டது. அங்கே நடந்த தமிழ் விவாதங்களும் சேர்ந்து நீங்கின. காப்பகங்களில் எஞ்சிய பக்கங்களிலும் பல, எழுத்துரு இல்லாமல் ஜே, கே, பி, ஓ என்றே நிற்கின்றன. தேடுபொறியில் ‘தமிழ்’ என்று தேடினால் அவை அகப்படா. அவை தமிழ் என்று தேடுபொறிக்குத் தெரியாது.

போரின் மிகக் கொடிய ஆண்டுகள் சில இந்தக் காலத்துக்குள் அடங்குகின்றன. யார் காணாமற் போனார், எந்த ஊர் எந்த நாளில் இடம்பெயர்ந்தது, எந்த முகாமில் எத்தனை பேர் என்று செய்தியாளர்கள் எழுதியவை அக்கோப்புகளில் உள்ளன. நாளை ஒரு வரலாற்று மாணவர் தேடப்போவது அவற்றைத்தான்.

நமக்கு இது புதிய ஆபத்தன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகள் செல்லரித்துப் போவதைக் கண்டு, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் பின்னர் உ. வே. சாமிநாதையரும் அவற்றை அச்சுக்கு மாற்றினார்கள். மாற்றப்பட்டவை நின்றன, மாற்றப்படாதவை மறைந்தன. நம் காலத்திலும் அந்தப் பணியை ஊதியமில்லாத சிலர் செய்தார்கள். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தனி எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் தன் நூல்களைத் தூக்கிச் சுமந்தது. சுரதாவின் ‘பொங்குதமிழ்’ எழுத்துருமாற்றி எத்தனையோ பக்கங்களுக்கு மறுவாழ்வு தந்தது. ஏடு செல்லரிக்க நூறு ஆண்டு எடுத்தது. கணினிக் கோப்பு செல்லரிக்கப் பத்து ஆண்டே போதும். வேறுபாடு அவ்வளவுதான்.

தாள் நிலையானது என்று நான் சொல்லவரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது நான் பள்ளிச் சிறுவன். தாளின் ஆயுளைப்பற்றி எங்கள் தலைமுறைக்கு எவரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தீயை மூட்டியவர்கள் பிறர். பாமினிக் கோப்புகள் அழிந்தால் பிறரைக் குற்றஞ்சாட்ட வழியில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்ணூறுகளிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ நீங்கள் எழுதிய கட்டுரை, உங்கள் ஊர்ச் சங்கத்தின் மலர், தந்தையாரின் நினைவுக் கல்வெட்டு ஆகியவற்றின் கோப்பு பழைய வட்டிலோ கணினியிலோ கிடந்தால், இந்த வார இறுதியிலேயே தேடி எடுங்கள். அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை, நினைவிருக்கும்போதே குறித்துவையுங்கள்; அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். பின் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் பெயர்களையும் ஊர்களையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மன்னாரை ‘முன்னார்’ ஆக்கி வரலாற்றிடம் ஒப்படைக்க வேண்டாம். எதற்கும் ஒரு பிரதி தாளிலும் எடுத்து வையுங்கள். தாளை வாசிக்க எழுத்துரு தேவையில்லை, கண்ணாடி போதும்.