எல்லைக்குறியின் ஐயம்: பாணினியும் டோக்கனைசரும்

கணினிக்கு மிகப் பொருத்தமான மொழி சமஸ்கிருதம் என்னும் கூற்று தில்லிக் கருத்தரங்குகளில் இன்றும் ஒலிக்கிறது. அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் இரண்டு எழுத்துகள் காட்டப்படுகின்றன. ஒன்று, 1967இல் பி. இசட். இங்கர்மன் ஒரு கணினியியல் இதழுக்கு எழுதிய கடிதம். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸ் குறியீட்டு முறைக்குப் 'பாணினி–பேக்கஸ் வடிவம்' என்று பெயரிடலாம் என அது பரிந்துரைத்தது. மற்றொன்று, 1985இல் ஏஐ மேகசின் இதழில் ரிக் பிரிக்ஸ் எழுதிய கட்டுரை. சாத்திர உரைகள் வாக்கியப் பொருளை விரித்துரைக்கும் முறையைச் செயற்கை நுண்ணறிவுத் துறையின் பொருள்வலைகளோடு அது ஒப்பிட்டது. சமஸ்கிருதத்தில் நிரல் எழுத வேண்டும் என்ற வாதம் இவ்விரண்டிலும் இல்லை.

இக்கூற்றை ஏற்போரும் எள்ளுவோரும் அட்டாத்தியாயியைத் திறக்காமலேயே வாதிடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய கேள்வியை விடுத்து, விடை காணக்கூடிய சிறிய கேள்வி ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேசப்படும் சொல்லையும் பேசும் சொல்லையும் பாணினி எவ்வாறு பிரித்தார்? அந்த எல்லையை இன்றைய நிரல்மொழி எவ்வாறு காக்கிறது?

முதலில் கணினியின் பக்கம். நாம் எழுதும் மூலநிரல் இயந்திரத்துக்கு நீண்ட எழுத்து வரிசை மட்டுமே. அதைப் பெயர், எண், குறி, சரம் என அலகுகளாகப் பிரிக்கும் முதற்கட்டக் கருவியே டோக்கனைசர். இதன் பணியில் இடர் மிகுந்த பகுதி மேற்கோள்குறிகளுக்குள் வரும் சரம். சி++, ஜாவா போன்ற மொழிகளில் இரட்டைச் சாய்வுக்கோடு குறிப்புரையின் தொடக்கம். அதன்பின் அவ்வரியில் உள்ளவற்றை இயந்திரம் பொருட்படுத்தாது. ஆனால் ஓர் இணைய முகவரி சரமாக எழுதப்படும்போது அதற்குள் வரும் இரட்டைச் சாய்வுக்கோடு வெறும் எழுத்து. ஒரே குறி இடத்துக்கேற்ப ஆணையாகவும் வெற்றெழுத்தாகவும் அமைகிறது. எனவே 'இப்போது மேற்கோளுக்கு வெளியே இருக்கிறேனா, உள்ளே இருக்கிறேனா' என்பதை டோக்கனைசர் ஒவ்வோர் எழுத்திலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மெய்யியலார் சொல்லைப் பயன்படுத்துதல், சொல்லைச் சுட்டுதல் என்று பிரிப்பது இவ்வேறுபாட்டையே.

பாணினிக்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது. அவர் சமஸ்கிருதத்தின் இலக்கணத்தைச் சமஸ்கிருதத்திலேயே சொல்கிறார். வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்ட நூலில் மேற்கோள்குறிக்கு இடமில்லை. அவர் கண்ட வழி 1.1.68ஆம் சூத்திரத்தில் உள்ளது. இலக்கணத்தில் ஒரு சொல் தன் வடிவத்தையே குறிக்கும். கலைச்சொற்கள் மட்டுமே விலக்கு. 'அக்னி' என்பதன்பின் ஒரு விகுதி வரும் என 4.2.33 விதிக்கும்போது, அது அந்தச் சொல்லின்மேல் வருகிறது. எரியும் நெருப்பின்மேல் விகுதியைச் சேர்க்க இயலாது, நெருப்பைக் குறிக்கும் வேறு சொற்களுக்கும் அவ்விதி செல்லாது. இவ்வாறு மேற்கோள் நிலையே இயல்பு நிலையாகிவிட்டது.

இதன் விளைவு சுவையானது. இயல்பு வழக்கில் 'இதி' என்னும் சொல் தமிழின் 'என்று' போல முன்வரும் தொடரை மேற்கோளாக்கும். பாணினியிடம் அது நேர்மாறாகவும் தொழிற்படுகிறது. 1.1.44இல் 'ந வா' என்னும் சொற்களின்பின் 'இதி' வருவதால், அவை தம் வடிவத்தைக் குறிக்காமல் 'அல்லது இல்லை' என்னும் பொருளைக் குறிக்கின்றன. அப்பொருளுக்கே 'விபாஷா' என்ற கலைச்சொல் சூட்டப்படுகிறது. வெறுமனே நிற்பது மேற்கோள். குறி பெற்றது பொருள். யூனிக்ஸ் ஷெல் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கும் வெறுமனே எழுதப்படும் சொல் சரம். மாறியின் மதிப்பு வேண்டுமாயின் முன்னால் டாலர் குறி இட வேண்டும்.

1960இல் வெளிவந்த அல்கால் அறிக்கையும் இதே முடிவை எடுத்தது. அதன் பேக்கஸ் குறியீட்டில் இலக்கண வகைகளின் பெயர்கள் கோண அடைப்புக்குள் வரும். மற்றக் குறிகள் தம்மையே குறிக்கும் என்று அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. 1.1.68இன் கருத்தும் ஏறத்தாழ அதுவே. பாணினி–பேக்கஸ் ஒப்பீட்டுக்கு வலுவான இடம் வேண்டுமாயின் அது இங்கே இருக்கிறது. 1977இல் நிக்லாஸ் விர்த் முன்வைத்த குறியீட்டில் இம்மரபு தலைகீழானது: இலக்கண வகைகள் வெறுமனே நிற்க, மொழியின் சொற்கள் மேற்கோள்குறிக்குள் சென்றன.

அல்கால் முறையில் ஒரு முள் உண்டு. 'சிறியது', 'பெரியது' என்பவற்றுக்கான ஒப்பீட்டுக் குறிகளும் அம்மொழியில் உள்ளன. அவையும் ஏறத்தாழக் கோண அடைப்பின் வடிவத்தையே கொண்டவை. ஒப்பீட்டுக் குறிகளை வரையறுக்கும் விதியில், எது அடைப்பு, எது வரையறுக்கப்படும் குறி என்று படிப்பவர் உய்த்துணர வேண்டும். மனித வாசகர் தடுமாறுவதில்லை. சாதாரண விசைப்பலகையில் தட்டி இயந்திரத்திடம் தந்தால் அது தடுமாறும். எல்லைக்குறியைப் பனுவலின் எழுத்துகளிலிருந்தே எடுத்தால் இவ்வையம் எழாமல் இராது.

பாணினியிடம் இவ்வையம் மிகத் தெளிவாக வெளிப்படுமிடம் சிவசூத்திரங்கள். ஒலிகளை 14 சிறு சூத்திரங்களாக அடுக்கி, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு மெய்யை எல்லைக்குறியாக அவர் நிறுத்துகிறார். அதற்கு 'இத்' என்று பெயர். தொடக்க ஒலியையும் ஓர் எல்லைக்குறியையும் சேர்த்துச் சொன்னால் இடைப்பட்ட ஒலிகள் அனைத்தும் அடங்கும்: 'அச்' என்றால் உயிர்கள், 'ஹல்' என்றால் மெய்கள். எல்லைக்குறிகள் வேற்றுலகக் குறிகள் அல்ல. அவையும் அதே மொழியின் ஒலிகளே. ஏழாம் சூத்திரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'ஞ ம ங ண ந ம்' என்றாகும். அகரம் ஏறிய 'ம' அடுக்கில் உள்ள ஒலி. புள்ளி பெற்று இறுதியில் நிற்கும் 'ம்' எல்லைக்குறி. இடமும் வடிவமும் சேர்ந்து இங்கே ஐயத்தைத் தீர்க்கின்றன.

ஆனால் 'ண்' என்னும் குறி இருமுறை வருகிறது: முதற்சூத்திரத்தின் இறுதியிலும் ஆறாம் சூத்திரத்தின் இறுதியிலும். 'அண்' என்றால் எந்த ண் வரை? முதல் ண் எனில் அ, இ, உ என்னும் 3 ஒலிகள். இரண்டாவது எனில் 14 ஒலிகள். ஹகரம் ஒலியடுக்கில் இருமுறை வருவதைத் தவிர்க்கவே இயலாது என்று வீப்கே பீட்டர்சன் 2004இல் கணித முறையில் நிறுவினார். ண் அத்தகையதன்று. வேறொரு மெய்யை அங்கே இட்டிருக்கலாம்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி இதே கேள்வியை மகாபாஷ்யத்தில் எழுப்புகிறார். அவர் தரும் விடையின் சாரம்: சிறப்புப் பொருள் விளக்கவுரையால் அறியப்படும், ஐயம் எழுந்தது என்பதாலேயே விதி விதியாகாமல் போய்விடாது. அம்மரபின்படி 'அண்' என்பது 1.1.69ஆம் சூத்திரத்தில் மட்டும் இரண்டாம் ண் வரை செல்லும். மற்ற இடங்களில் முதல் ண்ணோடு நிற்கும். 'இண்' என்பதோ எங்கும் இரண்டாம் ண் வரை செல்லும். இந்த அறிவு சிவசூத்திரங்களில் எழுதப்படவில்லை. அது ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செல்வது.

தமிழ் மாணவர்களுக்கு இது அயலான செய்தி அன்று. தமிழில் மேற்கோளின் முடிவைக் காட்ட 'என்று', 'என' உண்டு. தொடக்கத்தைக் காட்டும் சொல் இல்லை. தொல்காப்பியம் இடையியலில் இவ்விரு சொற்களின் பொருள்களை வகைப்படுத்துகிறது. 'அவன் நேற்று நான் வந்தேன் என்று சொன்னான்' என்னும் தொடரைப் பாருங்கள். நேற்று நிகழ்ந்தது வருகையா, சொல்லுதலா? மேற்கோள் 'நேற்று' என்பதில் தொடங்கினால் ஒரு பொருள், 'நான்' என்பதில் தொடங்கினால் வேறொரு பொருள். பேச்சில் இடைநிறுத்தமும் குரலும் இதைத் தெளிவாக்கும்; நிறுத்தக்குறியற்ற ஓலைச்சுவடியில் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். அகப்பாடல்களில் பாடல் முழுவதுமே ஒருவரின் கூற்று. அது தலைவி கூற்றா, தோழி கூற்றா என்பதைப் பாடலுக்கு வெளியே நிற்கும் துறைக்குறிப்பு சொல்கிறது. இங்கும் எல்லையைக் காப்பது உரைமரபே.

இயந்திரத்துக்கு உரைமரபு கிடையாது. ஆகவே ஐயத்துக்கான தீர்வைப் பனுவலுக்குள்ளேயே எழுதிவிட வேண்டியதாயிற்று. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் எல்லைக்குறியையே தவிர்த்தது. சரத்தில் எத்தனை எழுத்துகள் என்ற எண்ணையும் எச் என்னும் எழுத்தையும் முன்னால் எழுதினால், இயந்திரம் அத்தனை எழுத்துகளை எண்ணி எடுத்துக்கொள்ளும். ஐயத்துக்கு இடமில்லை, ஆனால் நிரலர் ஓர் எழுத்தைக் குறைத்து எண்ணினால் சரத்தின் கடைசி எழுத்து ஆணையோடு கலந்துவிடும். அல்கால் 60 தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வெவ்வேறு மேற்கோள்குறிகளை வைத்து, மேற்கோளுக்குள் மேற்கோளையும் அனுமதித்தது. அதற்கு விலை, எத்தனை திறந்தன, எத்தனை மூடின என்று எண்ணிக்கொண்டே செல்வது. அடுக்கின் ஆழத்துக்கு வரம்பில்லையெனில் முடிவுள்ள நிலைகளைக் கொண்ட பொறியால் இதைச் செய்ய இயலாது.

1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழி, இருபுறமும் ஒரே இரட்டை மேற்கோள்குறியை வைத்தது. சரத்துக்குள் அக்குறியே எழுத்தாக வர வேண்டுமெனில் அதன் முன்னால் பின்சாய்வுக்கோடு இட வேண்டும். இதைப் படிக்க டோக்கனைசருக்கு மூன்று நிலைகள் போதும்: சரத்துக்கு வெளியே, சரத்துக்குள்ளே, பின்சாய்வுக்கோட்டுக்கு அடுத்து. ஆனால் இப்போது பின்சாய்வுக்கோடே சிறப்புக் குறியாகிவிட்டது. அதை எழுத்தாக எழுத மற்றொரு பின்சாய்வுக்கோடு வேண்டும். பாஸ்கல், எஸ்க்யூஎல் போன்ற மொழிகள் குறியையே இரட்டிக்கும் வழியை மேற்கொண்டன. எந்த வழியிலும் ஐயம் மறையவில்லை. அதைத் தீர்க்கும் பொறுப்பு வாசகரிடமிருந்து எழுதுபவரிடம் சென்றது.

அப்பொறுப்பு தவறினால் விளைவு சிறிதன்று. ஆங்கில எழுத்தில் இடையே ஒற்றைக்குறி பெறும் டிசூசா போன்ற குடும்பப்பெயரை ஒரு படிவத்தில் நிரப்புகிறோம். நிரல் அதைச் சரிபார்க்காமல் எஸ்க்யூஎல் ஆணைக்குள் ஒட்டினால், பெயரின் ஒற்றைக்குறி சரத்தை மூடிவிடும்; எஞ்சிய எழுத்துகள் ஆணையாகப் படிக்கப்படும். நல்ல பெயரால் பிழைச்செய்தி வரும். தீய நோக்கத்தோடு எழுதப்பட்ட உள்ளீட்டால் தரவுத்தளமே பறிபோகும். 1998 முதல் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டுவரும் எஸ்க்யூஎல் ஊடுருவலின் அடிப்படை இதுவே. இது பெயராகத்தானே இருக்கும் என்று உய்த்துணர அங்கே ஒரு பதஞ்சலி இல்லை.

எனவே பாணினியைக் கணினியின் முன்னோடி என்பதும், அவ்வொப்பீட்டை வெறும் பெருமிதம் எனத் தள்ளுவதும் ஒருசேரக் குறையுடையவை. தன் மொழியையே கருவியாக்கி அம்மொழியை விவரிக்கும் சிக்கலை அவர் முழுமையாக உணர்ந்திருந்தார். வடிவமே இயல்பு, பொருளுக்கே குறி என்ற அவரது முடிவை 20ஆம் நூற்றாண்டினர் மீண்டும் கண்டடைந்தனர். அதே வேளையில் அவரது நூல் பயிற்சி பெற்ற கேட்போரை எதிர்நோக்கி இயற்றப்பட்டது. அதை இயந்திரத்துக்கென எழுதியது என்று புகழும்போது, வார்த்திகமும் பாஷ்யமும் காசிகையும், அவற்றைப் பாடம் சொல்லிவந்த தலைமுறைகளும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. இன்று அட்டாத்தியாயியை நிரலாக்க முயலும் ஆய்வாளர் எவரும், 'அண்' எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு சூத்திரத்துக்கும் தாமே குறித்துத் தர வேண்டியிருக்கும். அக்குறிப்பை அவர் சூத்திரத்திலிருந்து எடுக்க இயலாது. உரையைத் திறந்தாக வேண்டும்.