ஓலையும் ஒளிப்படமும்

நம்பியாரூரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், அவர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டினார். மணமகன் அதனைப் பறித்துக் கிழித்தார். மூல ஓலையோ திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது. அவ்வூர் அவையினர் அதனை வாங்கி, ஆரூரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர் என்பது சேக்கிழார் தரும் செய்தி. பக்திச் சுவைக்காகவே பெரிதும் பயிலப்படும் இப்பகுதி, உடைமை வழக்கில் ஆவணத்தை ஆவணத்தோடு ஒப்பிடும் நெறியையும் உணர்த்துகிறது. இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பின் கலைச்செல்வங்களுக்கோ அத்தகைய ஆவணம் நெடுங்காலம் வாய்க்கவில்லை.

அச்செல்வங்களைத் தேடி நடந்தவர்களுள் ஒருவர் ழூவோ தூப்ராய். 1909-இல் புதுச்சேரிக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த பிரெஞ்சுக்காரர். புதிதாகக் குடியேறிய நாட்டின் கோயில்களை அவர் நூல்களின் வழி மட்டும் கற்கவில்லை. சிற்பிகளிடம் கேட்டும் கற்றார். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, பல்லவர் காலத்தில் அலையலையாய் வளைந்தும், சோழர் காலத்தில் கோணமாய்ச் சரிந்தும், விசயநகரக் காலத்தில் தாமரை மொட்டாய்த் தொங்கியும் மாறிவருவதைக் கண்டார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் போதிகையே காலங்காட்டும் என்று தெளிந்தார். 1914-இல் வெளிவந்த அவரது தென்னிந்தியத் தொல்லியல் நூலின் பெருங்கொடை இதுவே. தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம் முதலியவற்றை 1916, 1918 ஆகிய ஆண்டுகளில் வெளியான பல்லவர் தொல்பொருள் நூல்களில் ஆராய்ந்தார். இராசசிம்மன் எடுத்த பனைமலைக் கோயிலின் ஓவிய எச்சங்களை அறிஞருலகின் பார்வைக்குக் கொணர்ந்தவர்களிலும் அவருக்கு இடமுண்டு. குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அத்தேவியின் முகத்தைக் கண்டவர் மறப்பதில்லை.

இத்தகைய கூரிய பார்வையே வேறொரு வேலையும் செய்தது. காஞ்சிப் பகுதியில் சிதறிக் கிடந்த பத்தாம் நூற்றாண்டு யோகினியர் சிலைகளைத் தூப்ராய் கண்டறிந்தார். 1926-இல் அவற்றுட் பல, பாரிசிலிருந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவிடம் சென்று சேர்ந்தன. ஒரே குழுவாய் வீற்றிருந்த தேவியர் இன்று பாரிசு, இலண்டன், டொராண்டோ, வாசிங்டன், மினியாபொலிசு அருங்காட்சியகங்களில் தனித்தனியே அமர்ந்திருக்கின்றனர். சென்னை அருங்காட்சியகத்திலும் சிலர் உளர். அக்காலத்தில் இது வழக்கம் என்று அமைதி கூறுவாருண்டு. எதன் அருமையை அறியாதவன் எடுத்துச் செல்வது ஒன்று. அறிந்தவன் அனுப்பிவைப்பது வேறொன்று.

பிரெஞ்சுக்காரர் தொடர்பு அத்துடன் முடியவில்லை என்பதே வியப்பு. 1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகக் கோயில்களுக்கு ஊர் ஊராய்ச் சென்று சிலைகளை நின்ற இடத்திலேயே படமெடுத்து வைத்தது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் சிலை களவுபோய், 2004-இல் சிட்னியின் கலைக்கூடம் ஒன்றால் விலைக்கு வாங்கப்பட்டது. கலைக்கூடத்துச் சிலையை இந்நிறுவனத்தின் பழைய ஒளிப்படத்தோடு ஒப்பிட்ட போது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் அச்சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வெண்ணெய்நல்லூர் அவையினர் ஓலைகளை வைத்துச் செய்ததும் இதுவேயன்றோ!

காஞ்சி யோகினியருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் வீற்றிருந்த கோயில் எது என்பதே இன்னும் உறுதிப்படவில்லை.