ஓவியப் பள்ளியில் பதனிட்ட தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்களைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால், பேச்சு ஏற்றுமதியில் தொடங்கிக் கழிவுநீரில் முடியும். (இடையே பிரியாணியும் வரும்.) கலை என்ற சொல் அங்கே எழுவதே இல்லை. ஆனால் இவ்வூர்களின் இன்றைய தோல் தொழிலுக்கு அடிப்படையான குரோம் பதனிடும் முறை, தமிழகத்தில் முதலில் பழகிப் பார்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று சென்னை ஓவியப் பள்ளி.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 1884-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஈ.பி. ஹாவெல், பின்னர் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூருக்குத் துணைநின்றவர் என்பதைக் கலை வரலாறு படித்தோர் அறிவர். அவருக்குப் பின் சென்னையில் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டனைக் கலை வரலாறு கண்டுகொள்வதில்லை. அவர் பொறியாளர். 1898-இல் பள்ளிக்குள் அலுமினியப் பாத்திரம் செய்ய வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தோலைக் கையில் எடுத்தார்.

அக்காலத்தில் வடஆர்க்காட்டுத் தோல், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறி, அரைப்பதமாகவே கப்பலேறி இலண்டன் ஏலத்துக்குச் சென்றது. சாயமேற்றுவதும் மெருகேற்றுவதும் வெட்டி வடிவம் கொடுப்பதும் அங்கே. தோலும் உழைப்பும் நம்முடையவை, வடிவம் பிறருடையது. அமெரிக்காவில் 1884-இல் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோம் முறையோ, தோலைச் சில நாட்களில் பதனிட்டு, நீரைத் தாங்குவதாகவும் ஆக்கியது.

அந்தத் தோலைக் கொண்டு ஓவியப் பள்ளி என்ன செய்தது? கைப்பையா, அலங்காரப் பெட்டியா? முக்கியமாகச் செய்தது கவலை ஏற்றத்துக்கான தோல். கிணற்று நீரில் ஓயாமல் நனைந்து சீக்கிரம் அழுகிப்போகும் பழைய தோலுக்கு மாற்றாக அது அமைந்தது. அழகியல் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். எனினும் வடிவமைப்பு என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இதைவிட நேரான பொருளை நாம் கண்டதில்லை. ஓர் உழவனின் தேவையைப் பார்த்து, பொருளின் குணத்தை அறிந்து, இரண்டையும் பொருத்துவதுதானே அது!

முயற்சி நீடிக்கவில்லை. அரசே தொழில் நடத்துவதை வணிகர்கள் எதிர்த்தனர். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910-இல் தடை விதித்தார். அதே பத்தாண்டில் சேம்பர்ஸ் என்ற வணிகர் நிறுவிய குரோம் தோல் நிறுவனத்தின் நினைவாகவே குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்தது.

பள்ளி தன் வழியே போயிற்று. கே.சி.எஸ். பணிக்கரும், திரைக்கலைக்கு வந்த பி. கிருஷ்ணமூர்த்தியும், ட்ராட்ஸ்கி மருதுவும் அங்கிருந்து வந்தவர்கள். கைத்தொழிலை அது அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1966-இல் பணிக்கர் அமைத்த சோழமண்டலத்தில், ஓவியம் விற்காத நாட்களில் ஓவியர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணிதான். ஆனால் தோலோடு இருந்த தொடர்பு அறுந்தது.

அரைப்பதத் தோல் ஏற்றுமதியை மைய அரசு 1973-இல் கட்டுப்படுத்தியபின், ஆம்பூர் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறியது, குரோம் பெருகியது. காலணி ஆம்பூரில் உருவாகிறது. அதன் மாதிரியோ இன்றும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வருகிறது. பாலாற்றுப் படுகையில் மாசு ஊறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைப் பதிவுசெய்கிறது. கிணறுகளும் கெட்டன. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்காக ஓவியப் பள்ளி பழகிய அதே குரோம் முறைதான்!

சாட்டர்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. பெரியமேட்டின் தோல் மண்டிகளிலிருந்து அக்கல்லூரிக்கு இன்றும் நடந்தே போய்விடலாம். ஓவியர்கள் அந்தப் பக்கம் போவதாகத் தெரியவில்லை.